சிறு ஒப்பந்தக்காரருக்குச் சான்று முத்திரை தேவையா?

புள்ளலூர், காஞ்சி நகரிலிருந்து சில கல் தொலைவில் உள்ள சிற்றூர். அதைப் போன்ற ஊர்களில் உழவுக்கு அடுத்தபடியாகப் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது கட்டட வேலையே. கரண்டி பிடித்துக் கொத்தனாராகத் தொடங்கியவர் சில ஆண்டுகளில் மேஸ்திரியாகிறார். மேஸ்திரி, பத்துப் பன்னிரண்டு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, வீடு கட்டித் தரும் ஒப்பந்தக்காரராகிறார். நம் பங்குகளிலும் இத்தகைய குடும்பத் தலைவர்கள் பலர் உள்ளனர். அவர்களுள் சிலருக்கு ஏட்டுப் படிப்புக் குறைவாக இருக்கலாம். ஆனால் அவர்கள் எழுப்பிய சுவர்கள் நேராக நிற்கின்றன.

முன்னாளில் ஒருவருடைய வேலைத் திறனை ஊரே அறிந்திருந்தது. இன்னார் மகன், இன்னாரிடம் தொழில் பழகியவர் என்பதே போதுமான சான்று. இன்று நிலைமை வேறு. சொந்த ஊரில் வீடு கட்ட விரும்புகிறவர் சென்னையிலோ வளைகுடா நாட்டிலோ இருக்கிறார். திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் உள்ள தொழிற்சாலைகள் மதில் எழுப்பவும் தரை போடவும் ஆள் தேடுகின்றன. அவர்களுக்கு மேஸ்திரியின் தகப்பனாரைத் தெரியாது. ஆகவே, “உம்மிடம் என்ன சான்று இருக்கிறது?” என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே.

ஆனால் அந்த நியாயமான கேள்வியை வைத்தே வாணிகம் செய்வோரும் தோன்றிவிட்டனர். “எங்கள் குழுவில் சேருங்கள். ஆண்டுச் சந்தா இவ்வளவு. உங்களுக்குச் சான்றிதழ் தருவோம், முத்திரை தருவோம், நம்பத்தக்க நிறுவனங்களின் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்ப்போம், வேலை தானாக வரும்” என்று தொலைபேசியில் பேசுகின்றனர். கேட்பவருக்கு ஆசை பிறக்கிறது. கையில் பணம் இல்லாவிடில் இல்லாளின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. வளையல் மீண்டதா, முத்திரையால் வேலை வந்ததா என்பதைப் பின்னர் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. எனவே, இவ்வகைக் குழுக்களில் சேருவது சிறு ஒப்பந்தக்காரருக்குப் பயன் தருமா என்பதை நம் குடும்பங்கள் அமர்ந்து ஆராய்வது நலம் என்று கருதுகிறோம்.

மெய்யான சான்றின் அடையாளம்

தகுதி பார்த்து ஒருவரை ஏற்பதும் நீக்குவதும் நமக்குப் புதியன அல்ல. நம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை அவை. ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரை எடுக்கும் முறையை அவை கூறுகின்றன. வேட்பாளருக்கு வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட நம் கருத்தைக் கவருவது மற்றொரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் ஆவர். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, அவற்றில் உள்ளது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர்.

அச்சபை எல்லா மக்களுக்கும் திறந்திருக்கவில்லை என்பது மெய். நிலமும் குலமும் கல்வியும் உடைய சிலருக்கே அங்கே இடமிருந்தது. அக்குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் தகுதிச் சான்றுக்குரிய மூன்று அடையாளங்கள் அக்கல்லில் தெளிவாகத் தெரிகின்றன. விதிகள் எல்லாரும் காணும் இடத்தில் எழுதப்பட்டிருந்தன. தேர்ந்தெடுக்கும் கைக்கு அத்தேர்வில் ஆதாயம் இல்லை. கணக்கில் தவறியவரை விலக்கும் துணிவு சபைக்கு இருந்தது.

நம் திருச்சபையோடு தொடர்புள்ள சான்றும் ஒன்று உண்டு. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அங்கிருந்த கிறிஸ்தவ ஆலயத்திற்கு வேணாட்டு ஆட்சியாளர் வழங்கிய உரிமைகளை அவை கூறுகின்றன. அவ்வூர் வாணிகத்திற்குரிய துலாக்கோலையும் எடைகளையும் காக்கும் பொறுப்பு ஆலயத்தாரிடம் விடப்பட்டது அவற்றுள் ஒன்று. வாங்குவோரும் விற்போரும் ஐயமின்றி ஏற்கும் எடை, அவ்விருவருக்கும் பொதுவான ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து. எடைக்கல்லை விற்பவனே வைத்திருந்தால் சந்தையில் நம்பிக்கை ஏது?

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, இக்காலத்து முத்திரைகளை வகைப்படுத்திப் பார்ப்போம்.

அரசுப் பதிவுகள்

முதலாவது வகை அரசுப் பதிவு. பள்ளிக் கட்டடம், சிறு பாலம், ஊராட்சிச் சாலை ஆகிய வேலைகளை எடுக்க விரும்புவோர் பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை, ஊரக வளர்ச்சித் துறை முதலியவற்றில் ஒப்பந்தக்காரராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு வகுப்பு வகுப்பாக அமைந்துள்ளது. அனுபவமும் சொத்து மதிப்பும் எவ்வளவோ, அதற்கேற்ற வகுப்பு. வகுப்பு எதுவோ, அதற்கேற்ற தொகை வரையில் வேலை. தமிழ்நாட்டில் டெண்டர்களின் வெளிப்படைத் தன்மைக்கென 1998ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. டெண்டரில் கேட்கப்படும் தகுதிகள் அறிவிப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். ஆகவே அரசு வேலையை நாடுகிறவர் முதலில் அந்த அறிவிப்பைப் படிக்கட்டும். பதிவு வகுப்பு, முன் செய்த வேலை, வரிப் பதிவு, பிணை வைப்புத்தொகை ஆகியவற்றை அது கேட்கும். சுவரில் மாட்டிய தனியார் குழுவின் பலகை அங்கே எந்த இடத்தையும் நிரப்பாது.

இரண்டாவது, சிறு தொழில்களுக்கான ‘உதயம்’ பதிவு. 2020 ஜூலை முதல் நாளிலிருந்து இது நடைமுறையில் உள்ளது. ஆதார் எண்ணைக் கொண்டு அரசின் இணையதளத்தில் நாமே பதிவு செய்துகொள்ளலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இலவசமான இப்பதிவைச் செய்து தருவதாகக் கூறி ஆயிரக்கணக்கில் பணம் பறிக்கும் போலித் தளங்கள் பல உள்ளன. கல்லூரியில் படிக்கும் மகளோ மகனோ வீட்டில் இருந்தால், அரை மணி நேரத்தில் அப்பாவுக்கு இதைச் செய்து கொடுத்துவிடலாம்.

உதயம் பதிவால் என்ன நன்மை? வங்கியில் சிறு தொழிற்கடன் கேட்கும்போது அது உதவும். 2006ஆம் ஆண்டின் சிறு தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, குறு, சிறு தொழில் செய்வோர் பெற்றுக்கொள்ள வேண்டிய தொகையை, உடன்படிக்கை இருப்பின் அதிகபட்சம் 45 நாளுக்குள் செலுத்த வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல் மும்மடங்கு வட்டி சேரும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. பொருளும் உழைப்பும் கலந்த கட்டட ஒப்பந்தங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று சில உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் கூறியுள்ளன. டெண்டர் சலுகைகள் பலவும் பொருள் வழங்குவோருக்கே உரியவை. ஆகவே பதிவு செய்துகொள்வது நலம். அதை மட்டும் நம்பி எழுத்து உடன்படிக்கை இல்லாமல் வேலையில் இறங்குவது நலமன்று.

இவற்றோடு, ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைக் கடந்தால் ஜி.எஸ்.டி. பதிவு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிலையங்களுக்கு ஈ.எஸ்.ஐ.; இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால் பி.எஃப். தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை கேட்டுச் செல்வோரிடம் பெரும்பாலும் முதலில் கேட்கப்படுபவை இவையே.

மற்றொன்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை காரணமாக, பட்டியல் சாதியினருக்குரிய தொழிற்சலுகைகள், அதே துன்பங்களை அனுபவித்த கிறிஸ்தவ மக்களுக்குக் கிட்டுவதில்லை. நம் பங்குகளில் முதல் தலைமுறையாகத் தொழிலில் இறங்கும் பலருக்கு இது பெருந்தடை. அத்தடை நீங்கத் திருச்சபை தொடர்ந்து குரல் எழுப்பி வருகிறது. இதற்கிடையே, 1999இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் கடனுதவியையேனும் நம்மவர் கேட்டறிந்து பெறுதல் வேண்டும். சான்றுக்காகக் கந்துவட்டி வாங்குவதைவிட, தொழிலுக்காக நேர்மையான கடன் வாங்குவது மேல்.

தரச் சான்றுகள்

அடுத்த வகை, ஐ.எஸ்.ஓ. 9001 போன்ற தரச் சான்றுகள். இதைப் பற்றிப் பரவலாக உள்ள தவறான எண்ணங்கள் இரண்டு. ஜெனீவாவில் உள்ள ஐ.எஸ்.ஓ. நிறுவனமே சான்று தருகிறது என்பது ஒன்று. அந்நிறுவனம் விதிகளை மட்டுமே வகுக்கிறது. யாருக்கும் சான்று தருவதில்லை. சான்று தருபவை வேறு நிறுவனங்கள். அந்த நிறுவனங்களைச் சோதித்து அங்கீகரிக்க, நம் நாட்டில் இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் தேசிய அங்கீகார வாரியம் ஒன்று இருக்கிறது. ஆகவே யாரேனும் ஐ.எஸ்.ஓ. சான்று தருவதாக முன்வந்தால், “உங்களை அங்கீகரித்தவர் யார்?” என்று கேட்க வேண்டும். ஆய்வுக்கு எவரும் வராமலே சான்று வீடு தேடி வருமானால், அது வெறும் தாள் என்று அறிக.

மற்றொரு தவறான எண்ணம், இச்சான்று சுவரின் உறுதிக்குச் சான்று என்பது. வேலை ஒழுங்குமுறையாக நடக்கிறதா, அளவுகள் பதியப்படுகின்றனவா, குறை வந்தால் திருத்தப்படுகிறதா என்பதையே அது பார்க்கிறது. பெரிய ஆலைகளின் வேலையைத் தொடர்ந்து செய்பவருக்கு, அவ்வாலையே அதைக் கேட்கும்போது, அது தேவைப்படலாம். ஆண்டுக்கு மூன்று வீடு கட்டும் மேஸ்திரிக்கு அது தேவையில்லை. அதற்கான செலவில் கம்பி வெட்டும் இயந்திரம் வாங்கினால் வேலையாவது நடக்கும்.

தொழிற்சங்கமும் அதன் வலிமையும்

மூன்றாவது வகை, ஒப்பந்தக்காரர்கள் தாமே கூடி அமைத்துக்கொள்ளும் சங்கம். இது முத்திரை விற்கும் குழுவினின்றும் வேறானது. அகில இந்தியக் கட்டுநர் சங்கம் 1941ஆம் ஆண்டு தோன்றியது. தமிழ்நாட்டிலும் பல நகரங்களில் அதற்குக் கிளைகள் உண்டு. தனி ஒருவரால் ஆகாததைச் சங்கம் செய்ய முடியும் என்பதற்கு அதன் வரலாற்றிலேயே இரு நிகழ்ச்சிகளைக் காட்டலாம்.

1982ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 46ஆவது திருத்தம், ஒப்பந்த வேலையில் பயன்படும் பொருள்களுக்கும் மாநிலங்கள் விற்பனை வரி விதிக்க வழி வகுத்தது. சங்கம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1989இல் வந்த தீர்ப்பு, திருத்தம் செல்லும் என்றது. ஆயினும் மற்ற விற்பனைகளுக்கு அரசியல் சட்டம் விதித்துள்ள கட்டுப்பாடுகள் இந்த வரிக்கும் உண்டு என்று வரையறுத்தது.

அடுத்த நிகழ்ச்சி சிமெண்ட் விலையைப் பற்றியது. சிமெண்ட் நிறுவனங்கள் தமக்குள் கூடி விலையை ஏற்றுகின்றன என்று இச்சங்கம் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டது. 2012இல் ஆணையம் பதினொரு நிறுவனங்களுக்கு ஆறாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் தண்டம் விதித்தது. அந்த ஆணை 2015இல் நீக்கப்பட்டு, 2016இல் மீண்டும் பிறப்பிக்கப்பட்டு, 2018இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தால் உறுதி செய்யப்பட்டு, உச்ச நீதிமன்றத்திற்கும் சென்றது. வழக்கின் நடையைக் கவனியுங்கள். ஒரு மூட்டைக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுத்த கிராமத்து மேஸ்திரி, தனியே இப்படி ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறியிருக்க முடியுமா?

ஆயினும் சங்கம் என்ற பெயர் மட்டும் போதாது. புள்ளலூர் மண்ணே இதற்கு ஒரு பாடம் சொல்கிறது. 1780 செப்டம்பர் 10ஆம் நாள், இவ்வூர்க் களத்தில் ஆங்கிலக் கும்பினியின் தளபதி பெய்லியின் படையை ஐதர் அலியும் திப்புவும் வளைத்து முறியடித்தனர். அன்று சில கல் தொலைவில், காஞ்சிபுரத்தில், மன்றோ என்னும் மற்றொரு தளபதியின் பெரும்படை இருந்தது. அவர் சிறு உதவிப் படையொன்றை முன்னரே அனுப்பியிருந்தார். பெரும்படையோடு உரிய வேளையில் வந்து சேரவில்லை. அருகில் துணை இருப்பது வேறு; ஆபத்தில் அது வந்து சேர்வது வேறு. பில் தொகை ஆறு மாதம் நிலுவையில் நிற்கும்போது, சாரம் சரிந்து தொழிலாளி காயப்படும்போது, சங்கத்தின் செயலாளர் வந்து நிற்பாரா? சென்ற ஆண்டு யாருக்கு அவ்வாறு வந்து நின்றார்? சந்தா கட்டுமுன் பழைய உறுப்பினர் இருவரைக் கேட்டால் விடை கிடைத்துவிடும்.

விலைக்கு வரும் நற்பெயர்

நான்காவது வகையே மேலே நாம் கூறிய, சந்தா பெற்றுக்கொண்டு நம்பிக்கை முத்திரை தரும் குழுக்கள். இவற்றுள் பழையதும் பெரியதுமான ஒன்று அமெரிக்காவின் ‘பெட்டர் பிசினஸ் பீரோ’. பொய் விளம்பரங்களை எதிர்க்கும் நல்ல நோக்கத்தோடு 1912இல் தொடங்கியது அது. பொதுமக்களின் குறைகளைக் கேட்டுத் தீர்த்து வைத்தும் வந்துள்ளது. நிறுவனங்களுக்கு அது எழுத்துத் தரவரிசையும் கொடுத்து வந்தது. அந்நிறுவனங்களிடமிருந்தே உறுப்பினர் கட்டணமும் பெற்று வந்தது.

2010 நவம்பரில் அந்நாட்டுத் தொலைக்காட்சி ஒன்று, இதில் உள்ள ஓட்டையை வெளிச்சமிட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் சில வணிகர்கள், ஒரு தீவிரவாத இயக்கத்தின் பெயரில், இல்லாத நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்து கட்டணம் கட்டினர். அதற்கும் ஏறத்தாழ முதல் தர மதிப்பெண் கிடைத்தது. உறுப்பினர் என்பதற்காகத் தனி மதிப்பெண் கொடுக்கும் வழக்கத்தை அவ்வமைப்பு அந்த ஆண்டே கைவிட்டது. 2013இல் அந்தப் பகுதிக் கிளையையே தலைமையகம் விலக்கியது. தவறியவரை விலக்கியது பாராட்டுக்குரியது. ஆனால் எடை போடுபவருக்கு எடை போடப்படுபவரே கூலி கொடுத்தால் துலாக்கோல் எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு இது உலகறிந்த சாட்சி. நூறாண்டு வரலாறுடைய அமைப்புக்கே இந்த நிலை என்றால், நேற்று முளைத்த குழுக்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

கோபுரம் கட்டுமுன் கணக்கு

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் அமர்ந்து, முடிக்கப் போதிய பொருள் உண்டா என்று கணக்கிட மாட்டானா என்று நம் ஆண்டவர் லூக்கா நற்செய்தியில் கேட்கிறார். கட்டடத் தொழிலாளருக்கு இதைவிடப் பொருத்தமான உவமை வேறில்லை. நாமும் அமர்ந்து ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு குழுவின் ஆண்டுச் சந்தா 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 18 சதவீத வரி சேர்ந்தால் 29,500 ரூபாய். நம் மேஸ்திரிக்கு, எல்லாச் செலவும் போக, நூற்றுக்கு எட்டு ரூபாய் மிஞ்சுகிறது என்று கொள்வோம். அப்படியானால் சந்தாப் பணத்தை மீட்பதற்கு மட்டுமே, 3,68,750 ரூபாய்க்குப் புதிய வேலை அம்முத்திரையின் காரணமாக ஒவ்வோர் ஆண்டும் வர வேண்டும். வழக்கமாக வரும் வேலையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முத்திரையைப் பார்த்து வந்த வேலை மட்டுமே கணக்கு. நகையை அடகு வைத்திருந்தால் அதன் வட்டியையும் இதனோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கை வீட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து போடட்டும். பல வீடுகளில் வரவு செலவைச் செவ்வையாக அறிந்தவர் இல்லத்தரசியே. கணவர் ஆசைப்பட்ட முத்திரையை மனைவி கேட்கும் ஒரே கேள்வி நிறுத்திவிடுவதுண்டு: “இதைப் பார்த்து யார் நமக்கு வேலை கொடுக்கப் போகிறார்? அவர் பெயரைச் சொல்லுங்கள்.” பெயர் சொல்ல முடிந்தால் சேரலாம். ஓர் ஆலையோ ஒரு துறையோ, “இச்சான்று இருந்தால்தான் வேலை” என்று எழுத்தில் கேட்குமானால், அச்சான்று திறவுகோல். யாரும் கேட்காத சான்று, பூட்டு இல்லாத திறவுகோல்.

கூலியும் எழுத்தும் கணக்கும்

தன் பெயரே தன் முத்திரையாக வேண்டுமானால் சிறு ஒப்பந்தக்காரர் செய்ய வேண்டியவை சில உள்ளன. அவற்றிற்குச் சந்தா இல்லை.

முதலாவது, எழுத்து உடன்படிக்கை. சதுர அடிக்கு என்ன விலை, எந்தச் சிமெண்ட், கம்பி யாருடையது, அஸ்திவாரம், லிண்டல், கூரைக் கான்கிரீட், பூச்சு ஆகிய ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பணம், கூடுதல் வேலைக்கு என்ன கணக்கு ஆகியவற்றை முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுதல் வேண்டும். நம் கிராமத்துச் சண்டைகளில் பெரும்பாலானவை “நான் அப்படிச் சொல்லவில்லை” என்பதில்தான் தொடங்குகின்றன. வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்ட சேவையே என்று 1993இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே எழுத்து, வீட்டுக்காரரைப் போலவே மேஸ்திரியையும் காக்கும்.

இரண்டாவது, வேலையின் பதிவு. மண்ணுக்குள் மறையும் அஸ்திவாரத்தையும் கான்கிரீட்டுக்குள் மறையும் கம்பியையும் மூடுமுன் படம் எடுத்துத் தேதியோடு வைத்திருந்தால், அதைவிட நம்பத்தக்க சான்று அடுத்த வீட்டுக்காரருக்கு வேண்டியதில்லை. கட்டி முடித்து ஐந்து மழைக்காலம் கடந்த வீட்டின் உரிமையாளர், “வந்து பாருங்கள்” என்று சொல்லும் சொல் பெரிய முத்திரை.

மூன்றாவது, கூலி. சனிக்கிழமை மாலை சித்தாளின் கையில் கூலி சேர்ந்ததா என்பதை ஊர் கவனிக்கிறது, ஆண்டவரும் கவனிக்கிறார். அநீதியால் வீடு கட்டி, அயலானிடம் கூலியின்றி வேலை வாங்குகிறவனை எரேமியா இறைவாக்கினர் கடிந்துகொண்டார். பிடித்து வைத்த கூலி விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் என்று புனித யாகப்பர் தம் திருமுகத்தில் எச்சரித்தார். 1994இல் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைக்கப்பட்டது. தம்மிடம் வேலை செய்யும் ஆண், பெண் அனைவரையும் அதில் பதிவு செய்ய உதவும் மேஸ்திரி, விபத்து, பிள்ளைகளின் படிப்பு முதலியவற்றில் அக்குடும்பங்களுக்குத் துணை நிற்கிறார். நல்ல ஆட்கள் அவரை விட்டுப் போக மாட்டார்கள். நல்ல ஆட்கள் இருக்கும் இடத்திற்கு வேலை தேடி வரும்.

நான்காவது, கணக்கு. உத்திரமேரூரில் கணக்குக் காட்டாதவன் தகுதி இழந்தான். இன்றும் வங்கி மேலாளர் கேட்பது கணக்கையே. வரவும் செலவும் வங்கி வழியாகச் சென்றால், ஈராண்டில் அந்தக் கணக்குப் புத்தகமே கடன் பெற்றுத் தரும் சான்றாகிவிடும்.

பலர் சேர்ந்தால்

தனித்து நின்று முத்திரை வாங்குவதற்கு மாற்றாக, கூடி உழைத்துப் பெயர் பெறும் வழியும் ஒன்று உண்டு. கேரளத்தில், வடகரைக்கு அருகே, வாக்படானந்தர் என்னும் சமூகச் சீர்திருத்தத் துறவியின் தூண்டுதலால், 1925ஆம் ஆண்டு பதினான்கு பேர் கூடி ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். சாதி வேற்றுமையை எதிர்த்து அவரோடு நின்றதால் வேலை மறுக்கப்பட்ட எளிய மக்களுக்கு அதுவே வாழ்வளித்தது. சிறு சாலை வேலைகளில் தொடங்கிய அச்சங்கம் இன்று பெரும் பாலங்களையும் சாலைகளையும் கட்டுகிறது. ஆயிரக்கணக்கான தொழிலாளருக்கு வேலை தருகிறது. வேலையை ஒழுங்காகவும் காலத்திலும் முடித்ததே அதற்கு நற்பெயர் தேடித் தந்தது.

தொழிலாளர் தாமே கூடிச் சங்கம் அமைப்பது இயற்கை உரிமை என்று திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட சுற்றுமடலில் போதித்தார். 2025 மே 8ஆம் நாள் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, தொழிலாளருக்காகக் குரல் கொடுத்த அந்தச் சுற்றுமடலை நினைத்தே அவருடைய பெயரைத் தாமும் ஏற்றார். இந்தப் போதனை ரோமாபுரியோடு நின்றுவிடக் கூடாது. புள்ளலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் மேஸ்திரிகள் பத்துப் பேர் மாதம் ஒருமுறை கூடினால் போதும். சென்ட்ரிங் பலகையையும் கலவை இயந்திரத்தையும் பொதுவில் வாங்கலாம். சிமெண்ட்டை மொத்தமாக வாங்கி விலை குறைக்கலாம். டெண்டர் அறிவிப்பைப் படித்த இளைஞர் ஒருவர் மற்றவருக்கு விளக்கலாம். ஒருவர் அரைகுறையாக விட்ட வேலையை மற்றவர் முடித்துக் கொடுத்து எல்லாருடைய பெயரையும் காக்கலாம். கணக்குக் காட்டாதவரை அடுத்த ஆண்டு பொறுப்பில் வைக்காதிருக்கலாம். பங்கு மண்டபத்தில் மாலையில் ஒரு மணி நேரம் இடம் தருவது பங்குத் தந்தையர்க்கும் பாரமாகாது. சமய வேறுபாடின்றி அயலாரையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். தொழிலுக்கு வேலி இல்லை.

ஆகவே சான்றுக் குழுவில் சேருவது பயனுடையதா என்ற கேள்விக்கு நம் விடை இது. சட்டம் கேட்கும் பதிவுகளை முதலில் முடியுங்கள். அவற்றுள் இலவசமானதற்குப் பணம் கொடாதீர்கள். தொழில் செய்வோர் தாமே நடத்தும் சங்கம், இடரில் வந்து நிற்பதாக இருந்தால், சந்தா கட்டிச் சேருங்கள். வேலை கொடுப்பவர் எழுத்தில் கேட்கும் தரச் சான்றை, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் மட்டும் பெறுங்கள். யாரும் கேட்காத முத்திரைக்காக ஒரு காசும் கடன் வாங்காதீர்கள்.

மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருவிழாவாக 1955இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் ஏற்படுத்தினார். நாசரேத்துத் தச்சரிடம் வேலை கொடுத்தவர்கள் அவருடைய கைவேலையைப் பார்த்தே கொடுத்திருப்பார்கள். நம் மேஸ்திரிகளும் அவரைத் தம் பாதுகாவலராகக் கொண்டு, நேர்மையான அளவும் குறையாத கூலியும் தெளிவான கணக்கும் உடையவர்களாய்த் தொழில் செய்வார்களாக. அவர்களை நம்பி வீடு கட்டும் குடும்பங்களும், பேசிய பணத்தைப் பேசிய நாளில் கொடுத்து அவர்களை வாழவிடுவார்களாக.